கார்னரில் கோல் வாங்கும் காலேஜ் ஃபுட்பால் டீமைச் சரிசெய்வது எப்படி

எண்பதாவது நிமிஷம் வரைக்கும் ஒன்றுக்கு பூஜ்யம் என்று நாங்கள்தான் முன்னால் இருந்தோம். அப்புறம் எதிரணிக்கு ஒரு கார்னர், மைதான மூலையிலிருந்து உதைக்கிற பந்து. எங்கள் பசங்கள் ஒன்பது பேர் கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸுக்குள் நின்றார்கள், ஒன்பது பேரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், செகண்ட் போஸ்ட் பக்கம், அதாவது பந்து வருகிற மூலைக்குத் தள்ளியிருக்கிற போஸ்ட் பக்கம், எதிரணியின் ஆறாம் நம்பர் பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் தனியாக நின்றான். என் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி "ஏலே, அந்த ஆறாம் நம்பரப் புடிலே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பந்து காற்றில் மிதந்து எல்லாருடைய தலைக்கும் மேலே போய் அவன் நெற்றியில் விழுந்தது. கோல். எட்டு நிமிஷம் கழித்து பாக்ஸுக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக், பந்தை மறைக்க வரிசையாக நிற்கிற எங்கள் பசங்களின் சுவரைக் கீப்பர் இன்னும் இடது பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பந்து வலைக்குள் போய்விட்டது. இரண்டுக்கு ஒன்று. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன்.

ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். மூன்று வருஷமாக இதே கதை. ஓடும் ஆட்டத்தில் எங்கள் பசங்களை யாரும் குறை சொல்ல முடியாது, விங்கில் ஓடுவதும் பாஸ் போடுவதும் அவ்வளவு அழகு. விசில் ஊதி பந்து நின்றுவிட்டால் மட்டும் பதினோரு பேரும் யார் எங்கே நிற்பது என்று தெரியாத பதினோரு பேராகிவிடுகிறார்கள். கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ, பெனால்டி, இதையெல்லாம் சேர்த்து செட் பீஸ் என்கிறோம். அமெரிக்கக் காலேஜ்களில் ஆடுகிற ஃபுட்பால் வேறு ஆட்டம், ஆனால் அங்கே பந்தை உதைக்கிற நேரங்களுக்கென்றே ஸ்பெஷல் டீம்ஸ் என்று தனியாக ஆட்களை நிறுத்தி தனி கோச்சும் வைத்திருக்கிறார்கள், அது சரியில்லை என்றால் ரசிகர்கள் சீசன் முழுக்கப் பொருமுகிறார்கள். நமக்குத் தனி கோச் கிடைக்காது. ஆனால் இதைச் சரிசெய்யக் காசும் வேண்டாம், பெரிய திறமையும் வேண்டாம். யாருக்கு எந்த வேலை என்று ஒவ்வொருவன் பெயரையும் சொல்லி ஒதுக்கினால் போதும். அதை எப்படிச் செய்வது என்று நான் பார்த்ததையும், பசங்களோடு சேர்ந்து முயற்சி செய்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

சைடு கேலரியில் உட்கார்ந்தால் செட் பீஸ் புரியாது. கோல் போஸ்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து நில்லுங்கள். படிக்கட்டோ திண்டோ எதுவானாலும் சரி. ஒவ்வொரு கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் நோட்டில் ஒரு சின்னப் பாக்ஸ் வரையுங்கள். பந்து எங்கிருந்து வந்தது, எங்கே விழுந்தது, முதலில் தொட்டது யார், அவனுக்குப் பக்கத்தில் நம் ஆள் யார், கீப்பர் வந்தானா நின்றானா, இவ்வளவுதான் எழுத வேண்டும். கோல் ஆனதை மட்டும் எழுதாதீர்கள், தப்பித்ததையும் எழுதுங்கள். தப்பித்த கார்னர்தான் அடுத்த மேட்சில் கோலாக வரும்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "வலது கார்னர். காற்று பின்னாலிருந்து. செகண்ட் போஸ்ட் தாண்டி விழுந்தது. அவன் 6 தொட்டான். நம்ம 4 இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றான். கீப்பர் மூன்று அடி வந்து நின்றுவிட்டான்." இப்படி நாலைந்து மேட்ச் எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதியதில் வாங்கிய கோலில் பாதிக்கு மேல் நின்ற பந்தில் வந்தவை, அதிலும் செகண்ட் போஸ்ட் பக்கம்தான் அதிகம். "டிஃபென்ஸ் மோசம்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது கண்ணில் படவே இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு தோற்ற அன்றைக்கே பி.டி. சாரிடம் போகாதீர்கள், அவரும் நொந்துபோயிருப்பார். இரண்டு நாள் கழித்து காலைப் பிராக்டிஸுக்குப் போங்கள், முதலில் கேப்டனிடம் பேசுங்கள். நான் போனபோது கேப்டன் தம்பி முகம் சுருங்கியது, வெளியாள் வந்து குறை சொல்கிறானே என்று நினைத்திருப்பான். "தம்பி, நான் குறை சொல்ல வரல, இந்தப் படத்த மட்டும் ஒரு தடவ பாரு" என்று நோட்டைக் கொடுத்தேன். மூன்று பக்கம் புரட்டிவிட்டு, "அண்ணே, எல்லாத்துலயும் செகண்ட் போஸ்ட்ல ஆளே இல்லயே" என்றான். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வர வேண்டும், நாம் சொல்லக் கூடாது. அப்புறம் அவனே சாரிடம் கூட்டிப்போனான்.

கார்னரைத் தடுப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், நம் பக்கத்து டீம்கள் அதிகம் அடி வாங்குவது இங்கேதான்.

கீப்பருக்கு முன்னால் ஐந்தரை மீட்டர் கோடு இருக்கிறதே, அந்தச் சின்னப் பாக்ஸின் கோட்டில் ஃபர்ஸ்ட் போஸ்ட் நேராக ஒருவன், நடுவில் ஒருவன், செகண்ட் போஸ்ட் நேராக ஒருவன். நன்றாக ஹெட் பண்ணுகிற மூன்று பேரை இங்கே நிறுத்துங்கள். இவர்கள் ஆளைப் பார்க்க வேண்டாம், இடத்தைப் பார்த்தால் போதும், தங்கள் இடத்துக்கு வருகிற பந்தை ஓடிப்போய் அடிக்க வேண்டும். எதிரணியில் உயரமான, ஹெட் பண்ணத் தெரிந்த மூன்று பேருக்கு மூன்று பேரை ஒதுக்குங்கள். ஃபர்ஸ்ட் போஸ்டை ஒட்டி ஒருவன். பாக்ஸ் வாசலில் இரண்டு பேர், வெளியே தெறிக்கிற பந்து அவர்களுக்கு. நடுக்கோட்டுப் பக்கம் வேகமான பையன் ஒருவன் நிற்கட்டும், அவன் ஒருவனுக்காக எதிரணி இரண்டு பேரையாவது பின்னால் விட வேண்டிவரும், அதனாலேயே பாக்ஸில் நெரிசல் குறையும். கீப்பரோடு சேர்த்துப் பதினோரு பேர் ஆயிற்றா, எண்ணிப் பாருங்கள்.

ஆளைப் பிடிக்கிறவன் நிற்கிற விதம் முக்கியம். எங்கள் நாலாம் நம்பர் நல்ல பையன், ஒருநாளும் பயந்தவன் இல்லை. ஆனால் கார்னர் எடுக்கிறவனையே பார்த்து நிற்பான், அவன் பிடிக்க வேண்டிய ஆள் பின்பக்கமாக நழுவிவிடுவான். பிராக்டிஸில் அவனை அரைத் திரும்பலாக நிற்கச் சொன்னோம்: இடது தோள் பந்துப் பக்கம், வலது கை ஆளின் இடுப்பை லேசாகத் தொடும் தூரத்தில். பிடிக்கக் கூடாது, இழுத்தால் பெனால்டி. தொடுகிற தூரத்தில் இருந்தால் ஆள் நகர்ந்ததும் கை சொல்லிவிடும், கண் பந்தின் மேலேயே இருக்கலாம். பத்து கார்னரில் பழகிவிட்டான்.

கீப்பருக்கு இரண்டே சத்தம். தான் வருகிறான் என்றால் "எனக்கு!", வரவில்லை என்றால் "அடி!". மூன்றாவது வார்த்தையே வேண்டாம். வருவது என்று முடிவு செய்தால் கடைசி வரை வர வேண்டும், மூன்று அடி வந்து நிற்பதைவிடக் கோட்டிலேயே நிற்பது மேல். பந்தைப் பிடிக்க முடியாத நெரிசலில் குத்திவிடலாம், ஆனால் உயரமாக, பக்கவாட்டில் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் பாக்ஸ் வாசலில் நிற்கிறவன் கோல் அடிப்பான். ஹெட்டுக்கும் இதே கணக்குதான், முதலில் உயரம், அப்புறம் தூரம், எப்போதும் ஓரமாக.

பந்தை அடித்து வெளியேற்றிய அந்த நொடியில் எல்லாரும் ஒன்றாக முன்னே ஓடி வர வேண்டும். பந்தையும் நம் கடைசி இரண்டாவது ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்கிறவனுக்குப் பந்து போடக் கூடாது என்பதுதான் ஆஃப்சைடு. கார்னரிலிருந்து நேராக வருகிற பந்துக்கு அது கிடையாது, ஆனால் அந்தப் பந்து திரும்ப உள்ளே வரும்போது ஆஃப்சைடு உண்டு. ஒருவன் மட்டும் சோம்பி கோல் வாயிலிலேயே நின்றால் அந்தப் பலன் போய்விடும். எங்களுக்கு அப்படியே ஒரு கோல் விழுந்திருக்கிறது.

காற்றைப் படிக்காமல் இங்கே ஆட முடியாது

சென்னைக்காரர்களுக்கு இது புரியாது. ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைப் பக்கத்துக் கணவாயிலிருந்தும் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்தும் வருகிற மேல்காற்று சும்மா வீசுவதில்லை, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். சாயங்கால மேட்ச் என்றால் பந்து கார்னர் புள்ளியிலேயே நிற்காது, உருண்டுவிடும்.

மேட்சுக்கு அரை மணி நேரம் முன்னால் மைதானத்துக்குப் போய் நாலு கார்னரிலிருந்தும் இரண்டிரண்டு பந்து அடித்துப் பாருங்கள். காற்று அடிக்கிறவனுக்குப் பின்னாலிருந்து வந்தால் பந்து செகண்ட் போஸ்டைத் தாண்டும், அதனால் நம் மூன்று பேரும் இரண்டு அடி அந்தப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். எதிர்க்காற்றில் பந்து நடுவானில் நின்று ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு முன்னாலேயே செத்து விழும், அங்கே ஆளைக் கூட்ட வேண்டும். காற்று கோலை நோக்கி வளைத்துக்கொண்டு வரும் பக்கம் ஒன்று இருக்கும், அந்தக் கார்னரில் யார் தலையும் படாமலே கோல் விழலாம், கார்னரிலிருந்து நேராகப் போனாலும் அது கோல்தான். அங்கே கீப்பர் கோட்டை விட்டு அவசரப்பட்டு நகரக் கூடாது. 2019-இல் விதி மாறியதிலிருந்து டாஸ் ஜெயித்தவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லையென்றால் முதல் உதையை எடுக்கலாம், இரண்டில் ஒன்றுதான். காற்றுக் காலத்தில் எந்தப் பக்கம் என்பதை டாஸுக்கு முன்னாலேயே பேசி முடிவு பண்ணிவையுங்கள், காசு விழுந்தப்புறம் கேப்டன் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. சேற்றில் பந்து குதிக்காது, தாழ்வாக வருகிற பந்து காலுக்கடியில் மாட்டிக்கொள்ளும், அதைப் பார்த்து நிற்காமல் முதலில் போய் உதைப்பவன் ஜெயிப்பான். கோடையில் சரள் தரையில் பந்து முதல் குதியிலேயே தலைக்கு மேலே எகிறிவிடும், குதிக்க விடவே கூடாது.

ஃப்ரீ கிக்

முதலில் ஃபவுலைக் குறையுங்கள். எங்கள் டீம் பாக்ஸ் வாசலில் கொடுக்கிற ஃப்ரீ கிக்கில் பெரும்பாதி தேவையே இல்லாதது, கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஃபார்வர்டைப் பின்னாலிருந்து மோதுவது. அவன் திரும்ப முடியாமல் நிற்கிறான், அப்படியே நிற்கட்டும், ஒரு கை தூரத்தில் நில், காலை நீட்டாதே. பிராக்டிஸில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிஃபென்ஸ் ஆடச் சொல்லுங்கள், இந்தப் பழக்கம் சீக்கிரம் போகும்.

சுவரை மேட்ச் நடக்கும்போது கட்டக் கூடாது, முன்னாலேயே கட்டிவைத்திருக்க வேண்டும். அதாவது நேர் எதிரே என்றால் நாலோ ஐந்தோ பேர், சாய்வாக என்றால் மூன்று, ஓரத்தில் என்றால் இரண்டு, யார் யார் என்று பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும். கீப்பர் விரலைக் காட்டினால் அந்த ஆட்கள் ஓடி வருவார்கள். வெளி ஓரத்தில் நிற்பவனுக்கு அடுத்தவன் போஸ்டுக்கு நேர்க்கோட்டில் வர வேண்டும், அப்போது ஓரத்தில் நிற்பவன் போஸ்டுக்கு வெளியே ஒரு ஆள் அகலம் மறைப்பான், வளைத்து அடிக்கிற பந்துக்கு அதுதான் மருந்து. தூரம் 9.15 மீட்டர், நம் பையன் நடைக்கு சுமார் பன்னிரண்டு எட்டு, முன்னாலேயே அளந்து காலில் பழக்கிக்கொள்ளலாம். நன்றாக ஹெட் பண்ணுகிறவனைச் சுவரில் வீணாக்காதீர்கள்.

கீப்பர் போஸ்டைப் பிடித்துக்கொண்டு சுவரை நகர்த்திக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்து, எங்களுக்கு அந்த இரண்டாவது கோல் விழுந்தது அப்போதுதான். நடுவர் விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா இல்லையா என்று பார்க்க ஒருவனை ஒதுக்குங்கள். காத்திருக்கச் சொல்லவில்லை என்றால் அவர்கள் உடனே அடிக்கலாம், அவன் "பந்தைப் பாரு!" என்று கத்த வேண்டும், கீப்பர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடுவுக்கு வர வேண்டும். நடுவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் அது இன்டைரக்ட், இன்னொருவர் தொட்ட பிறகுதான் கோல், முதல் தொடலில் சுவரிலிருந்து ஒருவன் பாய்ந்து வர வேண்டும்.

ஓரத்திலிருந்து வருகிற ஃப்ரீ கிக்கில் எங்கள் பசங்கள் செய்கிற பெரிய தவறு, அடிப்பதற்கு முன்னாலேயே பின்வாங்கி கீப்பர் மடியில் போய் நிற்பது. இதில் ஆஃப்சைடு உண்டு. பாக்ஸ் கோட்டிலேயே வரிசையாக நில்லுங்கள், அடிக்கிறவன் கால் பந்தைத் தொட்ட பிறகு பின்னால் ஓடுங்கள். கீப்பருக்கும் வரிசைக்கும் நடுவில் வந்து விழும் பந்து கீப்பருடையது.

த்ரோவும் கீப்பர் கையும்

த்ரோவுக்கும் ஆஃப்சைடு இல்லை என்பது பாதிப் பசங்களுக்குத் தெரியாது. எதிரணி த்ரோ போடும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவன் நழுவினால் கொடியை எதிர்பார்த்து நிற்காதீர்கள். நம் த்ரோ என்றால் நிற்கிறவன் கழுத்துக்குப் போடாதீர்கள், காலுக்குப் போடுங்கள், அவன் ஒரு எட்டு முன்னே வந்து திரும்பக் கொடுத்தால் போதும். இரண்டு காலும் தரையில், இரண்டு கையும் பந்தில், தலைக்குப் பின்னாலிருந்து மேலாக. ஃபவுல் த்ரோவில் பந்தை இழப்பது எனக்குத் தாங்கவே மாட்டேன் என்கிறது.

கீப்பர்கள் கவனிக்க வேண்டிய புதுசு ஒன்று. 2025 ஜூலையில் வந்த விதிப்படி கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். முன்னால் இருக்கும்போது பந்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு படுத்து நேரம் கடத்துகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள்.

நமக்குக் கிடைக்கிற கார்னர்

2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோலில் 9 செட் பீஸில் வந்தவை, பெனால்டியும் சேர்த்து. 1998 இறுதி ஆட்டத்தில் ஜிடான் பிரேசிலுக்கு எதிராகப் போட்ட இரண்டு கோலும் கார்னரிலிருந்து ஹெட். அதனால் கார்னர் கிடைத்ததும் யார் எடுப்பது என்று மூன்று பேர் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இரண்டே திட்டம் போதும். ஒன்று, ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு வேகமான பந்து, அங்கே ஒருவன் லேசாகத் தட்டிவிட, செகண்ட் போஸ்டில் இருவர் ஓடி வருவது. இன்னொன்று, பக்கத்தில் குட்டையாகக் கொடுத்து வாங்கி உள்ளே போடுவது. கை தூக்கினால் முதலாவது, தூக்காவிட்டால் இரண்டாவது. பாக்ஸ் வாசலிலிருந்து ஓடி வாருங்கள், நின்ற இடத்திலிருந்து குதிக்கிறவனை யாரும் பிடித்துவிடுவார்கள். வலது பக்கம் ஒருவன், இடது பக்கம் ஒருவன், வேறு யாரும் எடுக்கக் கூடாது. பின்னால் இரண்டு பேர் கட்டாயம் நிற்க வேண்டும், எல்லாரும் முன்னே போய், எதிரணி பந்தைப் பிடித்துத் திருப்பித் தாக்கிய கவுன்டரில் கோல் வாங்கியதையும் பார்த்துவிட்டேன்.

பெனால்டிக்கு மூன்று பெயர், வரிசையாக, காகிதத்தில். பிராக்டிஸ் முடிந்து கால் தளர்ந்திருக்கும்போது அடித்துப் பழகட்டும். மேட்சில் பந்தைப் பிடுங்குகிற வேலை கூடாது.

எப்போது, எவ்வளவு நேரம்

வாரத்தில் இரண்டு நாள், பிராக்டிஸின் கடைசி அரை மணி நேரம். முதல் வாரம் பந்தே வேண்டாம், நடந்து போய் அவரவர் இடத்தில் நிற்பது மட்டும். செருப்பையோ கல்லையோ அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், நாங்கள் செருப்புதான் வைத்தோம். இரண்டாவது வாரம் கையால் தூக்கிப் போட்டு ஹெட். இதில் கவனம் வேண்டும், காலால் பலமாக அடித்த பந்தை ஒரே நாளில் முப்பது தடவை தலையில் வாங்குவது பசங்களுக்கு நல்லதல்ல, கையால் போட்டே பழக்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து நிஜக் கார்னர், பன்னிரண்டு போதும், ஜூனியர்கள் தாக்கட்டும். "எண்பத்தஞ்சாவது நிமிஷம், ஒண்ணுக்கு பூஜ்யம்" என்று சொல்லி ஆடவிடுங்கள், முகமே மாறும்.

ஆட்டத்தில் ஒருவன் வெளியே போய் இன்னொருவன் உள்ளே வந்தால் போனவனுடைய வேலை யாருக்கு என்று உடனே சொல்ல வேண்டும். எங்கள் கேப்டன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான், முழங்கைக்குக் கீழே பால் பாயின்ட் பேனாவால் நம்பர்களை எழுதிக்கொள்கிறான், வியர்வையில் கொஞ்சம் அழிந்தாலும் படிக்க முடிகிறது.

கேலரியில் இருக்கிற நமக்கும் வேலை உண்டு. கோல் விழுந்ததும் கீப்பரைத் திட்டாதீர்கள், அந்தப் பையன் அடுத்த கார்னருக்குக் கோட்டை விட்டு வரவே பயப்படுவான். போஸ்டுக்குப் பின்னால் நின்று, கார்னர் எடுக்கும் முன் "செகண்ட் போஸ்ட்!" என்று ஒரே குரலில் ஒரே வார்த்தை சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று கத்தினால் எதுவும் காதில் விழாது.

இந்த ஆவணியில் ஒரு நட்பு மேட்ச் நடந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில் வரிசையாக மூன்று கார்னர் வந்தது, காற்று நம் கோலைப் பார்த்து அடித்தது. முதல் கார்னரை நடுவில் நின்றவன் அடித்தான். இரண்டாவதுக்குக் கீப்பர் "எனக்கு!" என்று கத்திக்கொண்டு வந்து குத்தினான். மூன்றாவது எதிர்பார்த்தபடி வளையாமல் ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு வெளியே போய்விட்டது. செகண்ட் போஸ்டில் நிறுத்தியிருந்த செகண்ட் இயர் பையன் பக்கம் மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. மூன்று தடவையும் அவன் அங்கே நின்றான், கை ஆளின் இடுப்புப் பக்கம், கண் பந்தின் மேல்.